பிளெக்ஸில் வராத படம்

பைக் சத்தம் கேட்டதுமே கீர்த்தியின் கால் இறங்கிவிட்டது. புஷ்பவள்ளி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, போன உயிர் திரும்பியவளாக, "யாரோ போறாக. நீ நில்லு பாப்பா" என்றாள்.

ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்ட வேண்டும். சென்னைப் பாலே நடனப் பள்ளி ஒன்று, தேர்வுக்கு அழைக்கும் முன் அந்தப் படத்தைக் கேட்டிருந்தது. நிற்கிற ஒழுங்கு தெரிய வேண்டுமாம். அதனால் பாவாடை, தாவணி கூடாது, உடம்போடு ஒட்டிய கறுப்பு ஆட்ட உடைதான். புஷ்பவள்ளிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? போட்டோ என்றதும் மல்லிகை வைத்து, நெற்றிச்சுட்டி கட்டி, அட்டிகை மாட்டி மகளைச் சாமி சிலையாக்கியிருந்தாள். படம் எடுக்க வீட்டுக்கு வந்திருந்த ஸ்டூடியோ அனுசுயாதான் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

மகள் வயசுக்கு வந்ததோடு ஆட்டத்துக்கு முழுக்குப் போடச் சொல்லிவிட்டான் புருஷன் மருதுபாண்டி. அதன்பிறகு இந்தி டியூஷன் என்று பொய் சொல்லித்தான் புஷ்பவள்ளி அவளைப் பாலே டீச்சர் வீட்டுக்கு அனுப்பி வந்தாள். அடிக்கக் கை நீட்டுகிற மனுஷன். பக்கத்து ஊர் நெற்குப்பையில் கிடாவெட்டுக்குப் போனவன் சாயங்காலம்தான் வருவான் என்ற தைரியத்தில் இன்றைக்குத் துணிந்தாள். தைரியமெல்லாம் பேச்சுக்குத்தான், காது முழுக்கத் தெருவிலேயே இருந்தது.

கதவு திறந்தது. மருதுபாண்டி நின்றான். யாரோ காரில் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார்கள். பைக்குக்கே காது கொடுத்திருந்தவளுக்குக் கார் கேட்கவில்லை.

புஷ்பவள்ளி ஓடிப்போய் மகள்மேல் துப்பட்டாவைப் போர்த்தினாள். எடுத்த படத்தையெல்லாம் அழிக்கச் சொன்னான் அவன். அனுசுயா அழித்தாள்.

"வயசுக்கு வந்த புள்ளைய இப்பிடி நிறுத்தி ஊருக்குக் காட்டப் போறியா? நாளைக்கு நான் தெருவுல நடக்க வேணாமா?"

கீர்த்தி துப்பட்டாவை இழுத்துப் பிடித்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அதைத்தான் பெற்றவளால் பொறுக்க முடியவில்லை. மகளுக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"இவ வயசுக்கு வந்ததைப் பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் வச்சுச் சொன்னது யாரு? வெக்கப்பட்டுக்கிட்டுப் புள்ள பள்ளிக்கூடத்துக்குச் சுத்திப் போனா. அன்னைக்கு ஊருக்குக் காட்டுனது நீகதான?"

"அது சடங்கு."

"சடங்குக்கு அவளைக் கேட்டீகளா? இதை அவளா கேக்குறா."

அவன் கை உயர்ந்தது. புஷ்பவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், அனுசுயாவின் கேமரா அவனைப் பார்த்தபடி இருந்தது. பிளெக்ஸில் வெள்ளைச் சட்டையோடு கைகூப்பி நின்ற மனுஷனுக்கு, ஓங்கிய கையோடு படத்தில் விழ விருப்பமில்லை போலும். கையை இறக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

கீர்த்தி துப்பட்டாவைத் தானே எடுத்து வைத்துவிட்டுக் கேமரா முன்னால் வந்து நின்றாள்.

அனுசுயா கிளம்பிப் போன பிறகு அந்தக் கை என்ன செய்யும் என்பது புஷ்பவள்ளிக்கு நன்றாகத் தெரியும். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். 

"அவசரமில்ல அனுசுயா," என்றாள். "நல்லா வர்ற வரைக்கும் எடு."