கையை வீசிக்கொண்டு வாருங்கள்

இணையப் பக்கத்தில் வரும் ஒரு பட்டனின் நிறத்துக்காக வாரக்கணக்கில் வாதாடுகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பட்டன் சார் என்று பெயர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், கல்யாணம் ஆகவில்லை. கல்யாணப் பரிசுகளுக்கென்று ஓர் இணையதளம் வடிவமைக்கும் வேலை அவர் தலையில்தான் விழுந்தது.

மணமக்கள் தங்களுக்கு வேண்டியதைக் குறித்து வைப்பார்கள். விருந்தினர் அதில் ஒன்றைத் தொட்டுப் பணம் கட்டினால் போதும். அது சாம்பல் நிறமாகிவிடும், வேறு யாரும் எடுக்க முடியாது. பொருள் நேரே வீட்டுக்குப் போய்விடும். புதுக்குடித்தனத்தில் சுவரெல்லாம் கடிகாரமாகத் தொங்கும் கொடுமை இனி இல்லை. முதல் பக்கத்தில் அவர் எழுதிய வரி: 'கையை வீசிக்கொண்டு வாருங்கள்.' அது திட்டுகிற வார்த்தையாயிற்றே என்றார் மேனேஜர் அம்மா. அதனால்தான் மனதில் நிற்கும் என்று பட்டன் சார் சாதித்துவிட்டார்.

தளத்தை முதலில் தன் கல்யாணத்துக்குப் பயன்படுத்தியது அவருடைய அண்ணன் மகள். வீட்டில் அவளை வாலு என்பார்கள். எப்போதாவது கூப்பிடுகிறவள் அன்று தானாகவே போன் செய்தாள். எங்கே தொடவேண்டும், எப்படிச் சேர்க்கவேண்டும் என்று அவர் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லவே வேணாம் சித்தப்பா, பார்த்தாலே புரியுது" என்றாள்.

அதைவிடப் பெரிய பாராட்டு அந்த வேலைக்குக் கிடையாது. ஆனால் பேச்சு அத்தோடு முடிந்துபோனது.

அவளுக்கு என்ன வாங்குவது என்று ஆற அமர யோசிக்க நினைத்திருந்தார். அந்த வாரம் முழுக்க வேலை கழுத்தைப் பிடித்தது. ஒருவழியாகப் பக்கத்தைத் திறந்தபோது எல்லாமே சாம்பல். 'எல்லாம் கிடைத்துவிட்டது. உங்கள் அன்புக்கு நன்றி' என்று அவர் எழுதிய வாசகமே அவரைப் பார்த்து நின்றது. உள்ளே புகுந்து யாரோ ஓர் அத்தையின் குக்கரை விடுவித்துத் தன் பேருக்கு மாற்ற அவரால் முடியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிட்டார்.

வாலுவைக் கூப்பிட்டார். இந்தத் தளத்தையே செய்து கொடுத்திருக்கிறீர்களே, அதைவிட வேறென்ன வேண்டும் என்றாள். அவர் விடவில்லை.

"இல்லம்மா, வேற ஏதாவது சொல்லு. எதுவா இருந்தாலும் சரி."

அவள் யோசித்தாள். "ஒண்ணும் தோணலயே சித்தப்பா" என்றாள். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஹார்டுவேர் கடையில் அவர் ஒரு டூல் பாக்ஸ் வாங்கினார். சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், குறடு, அளவு நாடா, ஒரு டப்பி ஆணி. பரிசுத்தாள் சுற்றித்தரும் கடையல்ல அது. கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் மட்டும் கட்டினார். தன் கையாலேயே கொடுக்கப்போகிறோம், பேரெழுத என்ன அவசியம் என்று விட்டுவிட்டார்.

மண்டபத்தில் பரிசு வைக்க மேசையே போடவில்லை. எதற்குப் போடுவார்கள்? வந்தவர்கள் எல்லாரும் நிஜமாகவே கையை வீசிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் மட்டும் பெட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு வரிசையில் நின்றார். சொந்தக்காரர் ஒருவர் கை குலுக்க வந்து, பெட்டியைப் பார்த்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மேடையேறியதும் "சித்தப்பா" என்று வாலு அவர் தோளில் சாய்ந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் போட்டோக்காரர் பெட்டியைக் கையிலிருந்து வாங்கித் திரைக்குப் பின்னால் தள்ளினார்; அந்த வேகத்தில் ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது. இங்கே பாருங்கள், சிரியுங்கள், அவ்வளவுதான். பின்னால் வரிசை நெருக்கியது. யாராவது எடுத்து உள்ளே வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார். முகம் தெரியாத இருவருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

பத்து நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டார். தளத்தைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் ஒரே புகழ்ச்சி என்றார். மண்டபக் கணக்கெல்லாம் முடிந்தது என்றார். பிறகு அண்ணனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"மேடைக்குப் பின்னாடி எவனோ டூல் பாக்ஸை மறந்து வச்சிட்டுப் போயிட்டான்டா. அலங்காரம் பண்ணவன்கிட்ட கேட்டா தன்னுதில்லங்கிறான். எலக்ட்ரீசியனும் இல்லங்கிறான். எல்லாம் புத்தம் புதுசு."

"இப்ப எங்க இருக்கு?"

"வாலுதான் புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா. அங்க ஒரு ஆணி அடிக்கக்கூட ஒண்ணும் இல்லையாம். ஆனா அவளுக்கு உறுத்துது. யாராவது தேடி வந்தா என்ன சொல்றதுன்னு கேக்குறா."

இப்போது சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அண்ணன் சிரிப்பார், பிறகு சங்கடப்படுவார், அவள் போன் செய்து மன்னிப்புக் கேட்பாள். கேட்டு வாங்கிய நன்றி மாதிரி ஆகிவிடும்.

"யாரும் தேடி வரமாட்டாங்கண்ணா. அவளையே வச்சுக்கச் சொல்லு."

"அதெப்படி இவ்வளவு உறுதியாச் சொல்ற?"

"இத்தனை நாள் வரலியே."

அதுவும் சரிதான் என்றார் அண்ணன். சாப்பிட்டாயா என்று கேட்டார். இனிமேல்தான் என்றார் இவர். அண்ணன் போனை வைத்த பிறகும் இவர் கொஞ்ச நேரம் தன் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அப்புறம் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.