ரப்பர் உடைக்குள் ஒரு குரல்

முதல் சிரிப்பு மூன்றாவது வரிசையிலிருந்து கிளம்பியது.

திரையில் விண்கலத்தின் இருண்ட நடைகூடம். கதாநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறாள். வேற்றுக்கிரகப் பிராணி ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அலற வேண்டிய நேரத்தில் யாரோ 'களுக்' என்றார்கள்.

"டேய், நனைஞ்ச மெத்தை நடந்து வருதுடா!" என்றான் ஒரு தடியன்.

அவ்வளவுதான். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

பின்வரிசையில் இயக்குநருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய முதல் படம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தாய்மாமா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த மெத்தைக்குள் இருந்தவர் அவர்தான்.

வெளியே வந்ததும் தயாரிப்பாளர் பிடித்துக்கொண்டார்.

"டைரக்டரம்மா, ரிலீஸுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் இன்னொரு பிரிவியூ. அன்னிக்கும் சிரிச்சாங்கன்னா காமெடிப் படம்னே போஸ்டர் அடிச்சிடுவேன். வேற டைரக்டரை வெச்சு ரெண்டு பாட்டு சேர்த்துப்பேன்."

"சார், இது திகில் படம்!"

"திகில் எனக்குத்தாம்மா. அவங்க நல்லா ஜாலியாத்தான் இருக்காங்க."

மறுநாள் எடிட்டிங் அறையில் அவள் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். எந்தக் கோணத்திலும் மெத்தை மெத்தையாகவே இருந்தது.

"கொம்பு வெச்சா எப்படி பாப்பா?" என்றார் மாமா.

"மாமா, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒலிப்பதிவாளர் வந்தார். படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவர் 'காது'.

"மேடம், இதைக் கொஞ்சம் கேளுங்க. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல, பிராணி உடைக்குள்ள இருந்த மைக்கை அணைக்க மறந்துட்டேன்."

பொத்தானை அழுத்தினார். முதலில் மூச்சு. ஈரமான, கனத்த மூச்சு. பிளைவுட் சுவரை ரப்பர் நகம் பிறாண்டும் ஓசை. பிறகு நீண்ட அமைதி. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்:

"யாராவது... இருக்கீங்களா?"

அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

"நான்... உள்ளதான் இருக்கேன்..."

திரும்பிப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜிப்பு மாட்டிக்கிச்சு. கத்துனேன். எப்பவும் போல மாமா விளையாடறாருன்னு எல்லாரும் சாப்பிடப் போயிட்டீங்க."

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்க."

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆனால் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

"மாமா, இதைப் படத்துல போட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க. ஆனா உங்க உருவத்தைச் சுத்தமா வெட்டணும். ஒரு இடத்துலகூட தெரிய மாட்டீங்க."

"உன் சித்தி வீட்டுல இருந்து எல்லாரையும் படம் பார்க்கக் கூப்பிட்டுட்டேனே பாப்பா..." பெருமூச்சு விட்டார். "சரி, வெட்டு. அப்புறமும் எவனாவது சிரிச்சான், உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்."

ஞாயிறு மதியம். அரங்கம் நிறைந்திருந்தது. தடியன் கேலிக்குத் தயாராக நண்பர்களையும் கூட்டி வந்திருந்தான்.

வெறும் நடைகூடம். துடிக்கும் விளக்கு. கதாநாயகி இரும்புக் கதவைச் சாத்துகிறாள். அதற்கு அப்பால் மூச்சு. பிறாண்டல்.

"யாராவது... இருக்கீங்களா?"

ஒரு சிரிப்புகூட இல்லை. எங்கேயோ பாப்கார்ன் பொட்டலம் விழுந்தது. மனம் இளகிய கதாநாயகியின் கை தாழ்ப்பாளை நோக்கிப் போனது.

"திறக்காதடி!" என்று அரங்கமே அலறியது. தடியன் கால்களை இருக்கைக்கு மேல் தூக்கிக்கொண்டான்.

தயாரிப்பாளர் மாமாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சார், அது நான்தான்," என்றார் மாமா, காதோரமாக.

தயாரிப்பாளர் கையை உதறிவிட்டு அடுத்த இருக்கைக்குத் தாவினார்.

படம் முடிந்து கைதட்டல் அடங்கவே வெகுநேரமாயிற்று. முன்கூடத்தில் தயாரிப்பாளர் போவோர் வருவோரிடமெல்லாம், "இது என் படம், திகில் படம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "டைரக்டரம்மா, ஒரு காட்சிகூட மாத்தக் கூடாது!"

அப்போதுதான் கழிவறைப் பக்கமிருந்து கேட்டது. தட்... தட்...

"யாராவது... இருக்கீங்களா?"

கூட்டம் சிலையாயிற்று. முதலில் ஓடியவன் தடியன். மற்றவர்கள் அவனை முந்திக்கொண்டு படியிறங்கினார்கள். தயாரிப்பாளரின் ஒற்றைச் செருப்பு மட்டும் நடுக்கூடத்தில் கிடந்தது.

இயக்குநர் மட்டும் குரல் வந்த பக்கம் ஓடினாள். தோளால் ஒரே இடி. கதவு திறந்தது. வியர்வையில் குளித்தபடி மாமா.

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு பாப்பா... எங்க எல்லாரையும் காணோம்?"

"உங்க குரலைக் கேட்டு ஓடிட்டாங்க மாமா."

"மூஞ்சியைக்கூடப் பார்க்காமயா?"

"பார்க்காமயே!"

மாமாவின் முகம் மெல்ல மலர்ந்தது. தலையைக் கோதிக்கொண்டார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டார்.

"அப்ப வா, மூஞ்சியையும் காட்டிட்டு வந்துடுவோம்!"