ஒன்றரைக் கிலோ பொய்

லிஃப்ட் மெக்கானிக்கின் எடை நூற்று முப்பத்தொன்பது கிலோ. இருபது வருஷமாக அவர் ஏறி இறங்கிய ஏணியில் ‘நூற்றிருபது கிலோ வரை’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைப் புதிதாக வந்த அதிகாரி படித்துத் தொலைத்ததில், மனிதரை ஆபீஸ் டெலிபோன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் புலம்பலைக் கேட்டு, வேறு யாரையாவது அனுப்பி வைக்கும் வேலை. அவருக்குக் கை துறுதுறுத்தது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குத் தலையாட்டியதே திரும்ப அந்த ஏணியில் ஏறத்தான்.

கத்தி வைப்பதற்கு முன்னால் ஆறு கிலோ குறைய வேண்டும் என்றார் டாக்டர். ஈரல் கொழுத்துக் கிடக்கிறது, அது கொஞ்சம் வற்றினால்தான் உள்ளே கருவி போக வழி கிடைக்கும் என்றார். ஒரு மாதம் சூப்பும் பவுடரும் குடித்தும் இறங்கியது மூன்றே கிலோ. தேதி இரண்டு வாரம் தள்ளிப்போனது. தானாகக் குறைக்கத் தெரிந்தவன் ஆபரேஷனுக்கு ஏன் வருகிறான் என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். நாலு நாள் கழித்து, டாக்டர் கைவிட்டுவிட்டால் என்ன பண்ணுவது என்று அவளிடமே கேட்டார். கடைசியில் ஐந்து கிலோ குறைந்ததும் டாக்டர் மனமிரங்கினார்.

அடுத்த கட்டிலில் ஒரு பேக்கரிக்காரர். இவரைவிட மூன்று வயது இளையவர், எட்டு கிலோ கூடுதல். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். வலியோடு வலியாகப் பழகி, வீட்டுக்குப் போன பிறகும் தினமும் காலையில் போனில் எடையைச் சொல்லிக்கொள்வது என்று முடிவாயிற்று. இரண்டு வாரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கு ஏழு கிலோ இறங்கினார்கள். மெக்கானிக் கால் தரையில் பாவாமல் நடந்தார்.

மூன்றாவது வாரம் எடை நின்றுவிட்டது. நூற்று இருபத்தேழு. மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் இருநூறு கிராம் கூடுதல். எழுந்ததும் ஏறிப் பார்த்தார், குளித்துவிட்டு ஏறிப் பார்த்தார். தரை சரியில்லையோ என்று எடை மெஷினை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். சட்டையைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

“என்னங்க, அடுத்தது பல்லையும் கழட்டப் போறீங்களா?” என்றாள் மனைவி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா தைத்து அனுப்பிவிட்டார்களோ, உள்ளே பழைய இரைப்பை அப்படியேதான் கிடக்கிறதோ என்றெல்லாம் ஓடியது மனசு.

அந்தச் சமயம் பார்த்து பேக்கரிக்காரர் போனில் ஒன்றரைக் கிலோ இறங்கிவிட்டதாகச் சொன்னார். எனக்கும் அதேதான் என்று மெக்கானிக்கின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் தினமும் அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, சொன்ன எண் மறந்துவிடாமல் காலண்டரில் குறித்து வைக்க வேண்டியதாயிற்று.

பொய்யை எட்டிப் பிடிக்க ஒரே வழிதான் தெரிந்தது. குடிக்கச் சொன்ன பவுடரை நிறுத்தினார். மசித்த முட்டையில் பாதியை ஒதுக்கினார். ஒரு நாள் ஆபீசில், ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு அம்மாள் போனில் விலாசம் சொல்லச் சொல்ல, இவர் மூன்று தடவை அதையே திரும்பக் கேட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மேஜைக்காரர் போனை வாங்கிக்கொண்டு, இவரைக் கீழே படுக்க வைத்தார்.

ஆறாவது வாரம் செக்கப். பேக்கரிக்காரரும் வந்திருந்தார். நர்ஸ் எடையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிற வழக்கம். இவருக்கு நூற்று இருபத்தைந்து. பேக்கரிக்காரருக்கு நூற்று முப்பத்து நாலு. மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். அன்று காலையில்தான் போனில் அவர் வாயால் நூற்று இருபத்து மூன்று என்று கேட்டிருந்தார்.

“நீங்க எவ்வளவு குறைச்சுச் சொன்னீங்க?” என்று தணிந்த குரலில் கேட்டார் பேக்கரிக்காரர்.

“நாலு கிலோ.”

“நான் பதினொண்ணு. அந்த முதல் ஒன்றரையே பொய்தாண்ணே. நின்னுபோச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்தது. நீங்க உடனே எனக்கும் அதேதான்னீங்க. உலகத்துலயே நான் ஒருத்தன்தான் தோத்துட்டேன்னு நினைச்சேன்.”

மெக்கானிக் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்றபோது கண் கலங்கியிருந்தது.

உணவு ஆலோசகர் அம்மாள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். மூன்றாவது வாரத்தில் பெரும்பாலோருக்கு எடை நிற்கும், பட்டினி கிடந்தால் கொழுப்புக்குப் பதில் தசைதான் கரையும், எடை பார்ப்பது வாரம் ஒரு தடவை போதும் என்றார். மெக்கானிக் பவுடரை மறுபடி ஆரம்பித்தார். மனைவி மெஷினைத் தன் அலமாரியில் பூட்டினாள். நாலாம் மாதம் நூற்றுப் பத்தொன்பது ஆனதும் அதிகாரி கையெழுத்துப் போட்டார், இவர் ஏணிக்குத் திரும்பினார். அதற்காகத் தவிப்பு ஒன்றும் ஓயவில்லை. எடை பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை நெருங்கினாலே மனைவியிடம் அலமாரிச் சாவியைக் கேட்டு நின்றார்.

பேக்கரிக்காரருக்கு இன்னும் மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு ஞாயிறு போன் வந்தது.

“முன்னூறு கிராம் ஏறிடுச்சுண்ணே.”

“கடையிலயே இருங்க, வர்றேன்” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் செருப்பைத் தேடினார்.