வரைபடம் கேட்டு வந்த சம்பந்தி

ஹாஜி ஷவ்கி தேநீரைத் தொடவே இல்லை. சம்பந்தி வீட்டில் ஒருவர் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தால் ஏதோ வம்பு வருகிறது என்று எகிப்தின் தம்யாத் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒரே ஒரு தடவை கண்ணுல காட்டு, போதும்," என்றார் மூன்றாவது முறையாக.

அவர் மகன் ஹிஷாமுக்கு நிச்சயிக்கப்பட்டவள் நெர்மீன். கட்டில், அலமாரி வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதக் கண்காட்சிக்கான வரைபடங்களை அங்கே அவளை நம்பிக் கொடுத்திருந்தார்கள். வெளியே விடுவதில்லை என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். ஹாஜிக்கோ சொந்தப் பட்டறை. அந்த வரைபடத்தில் இருக்கும் கட்டிலைக் கண்காட்சிக்கு முன்னால் செய்து தன் கடையில் நிறுத்திவிட வேண்டும் என்று துடித்தார்.

"முடியாது மாமா. என்னை நம்பிக் குடுத்தது."

"பாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணியாச்சு. நீ எங்க வீட்டுப் பொண்ணு. உன்கிட்ட இருக்கிறதெல்லாம் எங்களுதுதான்."

ஊர் வழக்கம் அதுதான். மோதிரம் போட்ட நாளிலிருந்து பெண்ணின் படிப்பு, கைத்திறன், ஏன், அவள் கொடுத்த வாக்குகூடப் பிள்ளை வீட்டுச் சொத்து. பிள்ளையின் வாக்கு மட்டும் பிள்ளைக்கே சொந்தம்.

"உங்க பட்டறைக்கு வெளி ஆள் வந்தா, செய்யிற கட்டில் மேல சாக்கைப் போட்டு மூடறீங்களே, அது எதுக்கு?"

"அது தொழில்."

"இதுவும் தொழில்தானே?"

"கோடு போட்டுப் பழகப் போனவளுக்குத் தொழிலாம்!" ஹாஜி சிரித்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹிஷாம் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று நெர்மீன் காத்திருந்தாள். அவன் விரிப்பின் ஓர நூலைப் பிய்க்கத் தொடங்கினான்.

நெர்மீனின் அம்மா கரீமா அவள் காதருகே வந்து முணுமுணுத்தாள். "காட்டித் தொலையேன்டி. நிச்சயம் முறிஞ்சா அப்புறம் எவன் வருவான்?"

"காட்டலேன்னா மோதிரத்தைக் கழட்டு," என்றார் ஹாஜி. மிரட்டினால் மடங்கிவிடுவாள் என்பது அவர் கணக்கு.

மோதிரம் லேசில் வரவில்லை. உள்ளே போய் சோப்பு தடவிக் கழற்றிக் கொண்டுவந்து தேநீர்த் தட்டில் வைத்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் ஹாஜிக்கு உறைத்தது. பட்டறைக்காரர்கள் நடுவே அவர் பெரிய மனிதர். அடுத்தவன் வரைபடத்துக்கு அலைந்தார் என்று தெரிந்தால் மானம் போய்விடும். குரல் தானாகத் தாழ்ந்தது.

"நான் வந்து கேட்டது வெளியில தெரிய வேண்டாம்மா. வீட்டு விஷயம். நீ வாய் திறக்க மாட்டேன்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

நெர்மீன் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"வீட்டு விஷயத்தை வீட்டுப் பொண்ணுதானே மாமா காப்பாத்தணும்? நான் இப்ப வெளி ஆளு."