பார்க்காத இடம்

மேசைமேல் சின்னச் சின்னச் சட்டைகள் குவிந்து கிடந்தன. ருக்கு ஒவ்வொன்றாக எடுத்து, உள்பக்கம் திருப்பி, தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்கிவிட்டு அந்தப் பக்கம் தள்ளினாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து மேசையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் முதுகு விண்டுபோகும். தையல் மிஷின்கள் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே காதில் விழாது. ஆனால் அந்த இருமல் மட்டும் ருக்குவுக்குக் கேட்கும். கோழை கட்டி, நெஞ்சின் அடியிலிருந்து தோண்டி எடுக்கிற சின்னப் பிள்ளை இருமல். கத்தரி அப்படியே நின்றுவிடும். திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருமியிருக்க மாட்டார்கள்.

"ஏய் ருக்கு, பேகா பேகா, சீக்கிரம்! நின்னுட்டே தூங்கறியா?" என்று சூப்பர்வைசர் கன்னடமும் தமிழுமாகக் கத்துவாள்.

மகள் ஷோபா போய் இரண்டு வருஷமாகிறது. மூன்று வயதுகூட முழுசாக ஆகியிருக்கவில்லை. கைக்குழந்தையிலேயே தொடங்கிய இருமல். சோறு இறங்கியது, ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. எண்ணெய் மிதக்க வெளியே போயிற்று. டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ருக்கு ஒரு வேளை தப்பாமல் பொடித்துப் புகட்டினாள். அந்தப் பாழாய்ப்போன மாத்திரையால் பிள்ளையின் மூத்திரம் சிவந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

இப்போது மறுபடி உண்டானதும் ஜோகுபாளையத்துச் சந்தே சந்தோஷப்பட்டது. அடுத்த வீட்டு மங்களம் வெற்றிலையை மென்றுகொண்டே அடித்துச் சொன்னாள்: "போனவளே திரும்பி வர்றாடி. நீ வேணா பாரு, அதே மூக்கு, அதே முழி."

புருஷன் அர்ஜுனனும் அதை நம்பினான். பெயிண்ட் வேலை முடிந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் வயிற்றிடம் குனிந்து, "இன்னா ஷோபாம்மா, சாப்ட்டியா?" என்று கேட்பான். வருகிறவள் அதே மூக்கோடு வரட்டும், அதே நெஞ்சோடு வந்தால் என்ன செய்வது என்று ருக்கு யாரிடம் கேட்பாள்?

கேட்பதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். ஷோபாவைக் கடைசி வாரத்தில் பார்த்த டாக்டர் ராதா, அடுத்தது உண்டானால் உடனே வந்து தன்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார். அரை நாள் கூலி போனால் போகட்டும் என்று ருக்கு போனாள்.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்கம்மாவோட தம்பிதான் மேடம்."

டாக்டர் திட்டவில்லை. "இது அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வர்ற கோளாறு. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் செய்யாது. ரெண்டும் பிள்ளைகிட்ட சேர்ந்துட்டாதான் கஷ்டம். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ்னு பேரு. ஷோபாவுக்கு அதுதான்னு எனக்குச் சந்தேகம். ஜீன் டெஸ்ட் பண்ணினா தெரியும்."

"வயித்துல இருக்கறதுக்குப் பண்ணுங்க மேடம்."

"மொதல்ல ஷோபாவுக்கு எந்த இடத்துல கோளாறுன்னு தெரியணும். அது தெரிஞ்சாதான் இதுல தேட முடியும். உங்க ரெண்டு பேர் ரத்தமும் எடுப்போம். அவளோடதுன்னு ஏதாவது இருந்தா ரொம்ப நல்லது. பல்லு, கில்லு?"

"பல்லு விழற வயசே வரலியே."

"முடி?"

"கோயில்ல குடுத்தாச்சு." ருக்கு முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "தொப்புள்கொடி ஆவுமா மேடம்?" என்றாள்.

பிள்ளைக்குக் கொடி காய்ந்து விழுந்ததும் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவார்கள். பிள்ளை இறந்தால் அதுவும் கூடவே குழிக்குள் போய்விட வேண்டும். போய்விட்டது என்றுதான் ருக்கு அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னாள். குளிப்பாட்டும்போதே கயிற்றை அறுத்துத் தாயத்தை மடியில் முடிந்துகொண்டது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் அதை எடுத்து முன்னால் வைத்தபோது அர்ஜுனன் இரண்டடி பின்னால் போனான்.

"அறிவிருக்காடி உனக்கு? செத்த புள்ளையோட கொடிய வீட்ல வச்சா அது எங்கடி போவும்? இங்கதானே சுத்திட்டுக் கெடக்கும்!"

"சுத்தட்டும்னுதான் மாமா வச்சேன்."

அவன் வெளியே போய்விட்டான். வெகுநேரம் கழித்து வந்து தாயத்தைக் கையில் வாங்கினான். முனையில் அடைத்திருந்த மெழுகைச் சுரண்டி, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் தட்டினான். சுக்குத் துண்டு மாதிரி கறுத்துச் சுருங்கியிருந்தது. முகர்ந்து பார்த்தான். அப்புறம் வாய்விட்டு அழுதான். ருக்கு அவனை அப்படிப் பார்த்ததே இல்லை, இடுகாட்டில்கூட.

மறுநாள் இருவரும் போய் ரத்தம் கொடுத்தார்கள். கொடியை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மூடிய டாக்டர், "வெளியூர் லேபுக்குப் போவுது. முழுசா அரைச்சாதான் எடுக்க முடியும். திரும்பி வராதும்மா" என்றார்.

"பரவால்ல மேடம்" என்றாள் ருக்கு. பரவாயில்லை என்றது பொய். அவளிடம் ஷோபாவினுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். ஆனால் ஐந்து மாதம் தாண்டினால் கலைக்கச் சட்டம் விடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு பிள்ளையை அப்படி மூச்சுக்குத் தவிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பதில் வந்த அன்று அர்ஜுனனை வாசலில் நிற்க வைத்துவிட்டு ருக்கு உள்ளே போனாள்.

"இல்லைன்னு வந்திருக்கு" என்றார் டாக்டர்.

ருக்கு சட்டென்று திரும்பி, கதவிடுக்கில் எட்டிப் பார்த்த அர்ஜுனனிடம், "இல்லியாம் மாமா!" என்று கத்தினாள். அவன் வராந்தாவிலேயே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான்.

"உட்காரு ருக்கு, நான் இன்னும் முடிக்கல" என்றார் டாக்டர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "லேப்ல ஜீன்ல ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கறாங்க. வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கு அதிகமா கோளாறு வர்ற இடம். டெஸ்ட்டே அவங்களுக்காகச் செஞ்சதுதான். நம்ம பிள்ளைங்களுக்கு வேற எந்தெந்த இடத்துல வருதுன்னு இன்னும் யாரும் சரியாப் பார்க்கல."

வெள்ளைக்காரப் பிள்ளைகளை ருக்கு பார்த்ததில்லை. ஆனால் ஆறு மாதப் பிள்ளைக்கு எவ்வளவு தோள், மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு கை என்று அவளுக்கு மனப்பாடம். தினமும் கப்பலேறிப் போகிற அவர்கள் சட்டைக்குத்தான் நூல் வெட்டுகிறாள். கொழுகொழுவென்றுதான் இருக்கும் அந்தப் பிள்ளைகள்.

"அப்போ ஷோபாவுக்கு அது இல்லியா மேடம்?"

"இருந்திருக்கலாம்."

"இதுக்கு?"

"தெரியாதும்மா. இப்ப தெரிஞ்சுக்க நம்மகிட்ட வழியும் இல்ல, நாளும் இல்ல."

"பொறந்தப்புறம் எப்பிடிக் கண்டுபிடிக்கறது?"

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இந்தப் பிள்ளைங்களோட வேர்வை ரொம்ப உப்பா இருக்கும். முத்தம் குடுக்கும்போது நாக்குல கரிச்சா, உடனே தூக்கிட்டு வா."

ருக்கு வெளியே வந்தபோது அர்ஜுனன் வாட்ச்மேனிடமும் பூக்காரியிடமும் சொல்லி முடித்திருந்தான். திரும்புகிற வழியில் ஆட்டோவை நிறுத்தி மைசூர்பாகு வாங்கினான். "சொன்னேன்ல? எம்பொண்ணு எல்லாத்தையும் மண்ணுல வுட்டுட்டு சுத்தமா வர்றா" என்றான். இரண்டு வருஷமாகச் செத்துக்கிடந்த முகம் அது. அதில் மண்ணைப் போட ருக்குவுக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாளே சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. டெஸ்ட்டில் ஒன்றும் இல்லையாம் என்று மங்களம் வீடு வீடாகச் சொல்லிவிட்டிருந்தாள். அதற்கப்புறம் வாயைத் திறக்க முடியவில்லை. ஃபேக்டரியில் இருமல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

பெண்தான் பிறந்தாள், நல்ல வெயில் காலத்தில். கார்ப்பரேஷன் பிரசவ ஆஸ்பத்திரியில் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்ற வார்டில் அம்மாக்களும் பிள்ளைகளும் வெந்துகொண்டிருந்தார்கள். அர்ஜுனன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறினான். மங்களம் பிள்ளையைத் துணியோடு எடுத்து ருக்குவின் மார்பில் வைத்தாள்.

"இன்னாடி கல்லு மாதிரி பார்க்கறே? பெத்து ஒரு நாளாச்சு, ஒரு முத்தம் குடுத்தியா?"

பிள்ளையின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ருக்கு குனிந்து உதட்டை வைத்தாள்.

உப்புக் கரித்தது.

ருக்குவின் மூக்கின் மேலிருந்தும் மேலுதட்டிலிருந்தும் வேர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. கன்னமும் நனைந்திருந்தது. கரித்தது யாருடையது என்று தெரியவில்லை. தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், உதட்டைத் தனியாகத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது. மறுபடி குனிந்தாள். மறுபடி துடைத்தாள்.

"போதும்டி, புள்ள கரைஞ்சிடப் போவுது" என்று அர்ஜுனன் சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரிகளும் சிரித்தார்கள்.

ருக்கு கண்ணை மூடிக்கொண்டு நாக்கின் நுனியைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள்.