அந்தோணியாரைத் தூக்கும் எட்டுப் பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து அந்தோணியார் கோயிலை 1924இல் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிக் கொடுத்தார். வாசல் கல்லில் அவர் பெயரும் துரைசாணி பெயரும் இருக்கின்றன. கல் சுமந்தவர்களின் பெயருக்குக் கல்லில் இடம் போதவில்லையாம். இப்போது மிச்சம் பதினொரு கத்தோலிக்கக் குடும்பங்கள். இளவட்டமெல்லாம் கொழும்பில் கடைகளில் நிற்கிறது.

ஆகவே திருநாளில் அந்தோணியார் சொரூபம் வைத்த மரக்கூட்டைத் தூக்குவது மாரியம்மன் கோயில் கமிட்டி ஆட்கள். பல வருஷமாக அப்படித்தான். இதற்கு யாரும் மத நல்லிணக்கம் என்று பெயர் வைக்கவில்லை. தோள் இருந்தது, தூக்கினார்கள்.

இந்த வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து புது ஃபாதர் வந்தார். பங்குச் செயலாளர் நான்தான். தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து டிகிரி முடித்த குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை.

"ஞானஸ்நானம் பெற்ற ஆக்கள் மட்டும் தூக்கட்டும் பிள்ளை. எட்டுப் பேரின்ர லிஸ்ட் தாங்கோ."

"பொன்னையா தாத்தா ஒருத்தர்தான் இருக்காரு ஃபாதர். அவரையே ரெண்டு பேர் தூக்கணும்."

"பதிவேட்டைப் பாருங்கோ."

அன்று சாயங்காலம் மாரியம்மன் கமிட்டித் தலைவர் சுதாகரன் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் மனைவி ஜெயந்தினிக்கு மூன்று தடவை கரு கலைந்து, நாலாவதாகப் பிறந்த மகள் தங்கியிருந்தாள்.

"புள்ள தங்கினா வெறுங்காலோட கூட்டோட முன்கொம்பு புடிக்கிறேன்னு அந்தோணியாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் தங்கச்சி. தூக்காம விட்டு அதுக்கு ஒண்ணு ஆயிருச்சின்னா, ஜெயந்தினி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் பதிவேட்டைத் திறந்தேன். 1996இல் ஒரே ஞாயிற்றுக்கிழமை இருபத்திமூன்று ஞானஸ்நானம். டவுன் மிஷன் பள்ளிக்கூடம் அந்த வருஷம் ஞானஸ்நானக் கடிதம் கேட்டதாம். லயமே வரிசையில் நின்று பிள்ளைகள் தலையில் தண்ணீர் வாங்கி, பள்ளிக்கூடத்தில் இடமும் வாங்கி, அடுத்த திருவிழாவில் காவடி எடுக்கப் போய்விட்டது. கமிட்டி ஆட்கள் எட்டுப் பேரும் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். பத்தாவது பெயர், செபஸ்தியான் சுதாகரன்.

என் பெயரையும் தேடினேன். இல்லை.

"நீ பொறந்தப்ப மண்ணு சரிஞ்சு ரோடே இல்ல," என்றாள் அம்மா. "தண்ணி ஊத்தினாங்க. ஊத்தினது ஃபாதரா, ஆஸ்பத்திரி நர்ஸான்னுதான் ஞாபகமில்லடி."

பதிவேட்டை மூடி வைத்தேன்.

ஃபாதர் லிஸ்டை இரண்டு தரம் படித்தார். "ஆர் இந்தச் செபஸ்தியான்? பூசையில காணேல்லையே."

"மாரியம்மன் கோயில் தலைவருங்க ஃபாதர். நீங்க பூசையைக் கேக்கலையே, ஞானஸ்நானத்தைத்தானே கேட்டீங்க."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லிஸ்டைத் திருப்பித் தரவில்லை.

திருநாளன்று செபஸ்தியான் வெறுங்காலோடு முன்கொம்பில் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. கூடு வழக்கம்போல மாரியம்மன் கோயில் முன்னால் போய் நின்றது. பக்கத்து வீட்டு வேலாயி அக்கா தேங்காய் உடைத்தார். ஜெயந்தினி மகளைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்கு அடியில் குனிந்து, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தாள்.

பின்னால் ஜெபமாலையோடு வந்த ஃபாதர் எட்டிப் பார்த்தார். "ஏன் நிண்டிட்டினம்?"

"தோள் மாத்துறாங்க ஃபாதர்," என்றேன்.