களைத்த பிறகு ஐந்து நிமிடம்

சைக்கிள் அணியில் எல்லோரும் அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் தெம்பாக ஏறி மிதிக்கும்போது அவனைவிடப் பலசாலிகள் அணியிலேயே சிலர் இருந்தார்கள். ஆனால் நான்கு மணி நேரம் ஓட்டிய பிறகு, அவர்கள் கால்கள் துவண்டு போகும் நேரத்தில், இவன் கால்கள் காலையில் கொடுத்த பலத்தை ஏறக்குறைய அப்படியே கொடுக்கும். நீண்ட பந்தயங்களில் வெற்றி தோல்வி கடைசி மேட்டில்தான் என்பதால், அந்தக் குணத்துக்குத் தனி மதிப்பு.

அதை முதலில் கண்டுகொண்டவர் அணியின் பயிற்சியாளர். அவன் மனைவிக்கு அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுத்ததே இந்தக் கால்களை நம்பித்தான் என்று அவனைக் கிண்டல் செய்வார்.

அந்த வருடத்தின் பெரிய பந்தயத்துக்கு ஆள் பொறுக்க அணியின் முதலாளி ஒரு சோதனை வைக்கச் சொன்னார். தரையோடு பூட்டிய சைக்கிளில் நான்கு மணி நேரம், அதன்பின் ஐந்து நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். கால்களின் பலத்தை எதிரே உள்ள திரை வாட் கணக்கில் காட்டும். முதல் நாள் இன்னொருவன் ஓட்டினான். மறுநாள் ஒட்டகத்தின் முறை.

ஜன்னல் இல்லாத அறை. ரப்பர் விரிப்பில் பழைய வியர்வையின் புளித்த வாடை. முகத்துக்கு நேரே ஒரு பெரிய விசிறி இரைந்துகொண்டிருந்ததால் சமாளித்தான். பசை மாதிரி வாயில் ஒட்டும் சத்து ஜெல்லைப் பிழிந்து பிழிந்து விழுங்கினான். மூன்று மணி நேரம் நன்றாகவே போனது.

அப்போதுதான் முதலாளி விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். கையில் பொரித்த கோழித் தட்டுகள்.

"இதான் நம்ம ஒட்டகம். பாருங்க, சளைக்கவே மாட்டான்" என்றவர், பயிற்சியாளர் பக்கம் திரும்பினார். "அந்த ஃபேன் சத்தத்துல பேசறது ஒண்ணும் கேக்கல. நிறுத்துங்க."

பயிற்சியாளர் ஒரு கணம் தயங்கினார். பிறகு போய் நிறுத்தினார்.

சிறிது நேரத்தில் அறை கொதிகலன் ஆயிற்று. வியர்வை காயாமல் முழங்கையில் ஓடிச் சொட்டியது. மூடிய அறையில் எண்ணெய் வாடையும் முதலாளியின் அத்தர் வாடையும் சேர்ந்து குமட்டின. விருந்தாளி ஒருவர் அவன் தொடையை விரலால் குத்திப் பார்த்தார், சந்தையில் மாடு பிடிப்பவர் மாதிரி. இன்னொருவர் கடித்த எலும்பை வைக்க இடம் தேடி, கைப்பிடியில் கிடந்த அவன் துண்டின் மேல் வைத்தார். ஒட்டகம் மச்சானைப் பார்த்தான். மச்சான் திரையைப் பார்த்தார்.

ஐந்து நிமிடம் தொடங்கியது. நெஞ்சு அடித்துக்கொண்டது, கால்கள் யாருடையவோ போல இருந்தன. திரையில் எண் இறங்கிக்கொண்டே போனது. முடிந்ததும் சைக்கிளில் இருந்தபடியே வாந்தி எடுத்தான்.

முதலாளி தன் செருப்பை நகர்த்திக்கொண்டார். "என்னப்பா, ஒட்டகம்னு பாத்தா கழுதையா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். கொஞ்சமாகத்தான், பல் தெரியாமல். தன் வாயில் இருந்த புளிப்பைவிட அந்தச் சிரிப்புதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

பந்தயத்துக்கு அந்த இன்னொருவனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாலையில் மச்சான் வீட்டுக்கு வந்தார். எதுவும் நடக்காதது போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மனசுல வச்சுக்காத மாப்ளே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"நேத்து அவனுக்கு ஃபேன் ஓடுச்சு. அது இல்லாம அந்த அறையில யாரு மிதிச்சாலும் வாட் விழும். உங்களுக்குத் தெரியாதா மச்சான்?"

"தெரியும்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"ஆளுங்க முன்னாடி எப்படிச் சொல்றது? அவரு மூஞ்சி மாறிடும்."

"அவங்க போன பிறகு?"

காபியோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணா, இவரு வாந்தி எடுத்தப்போ நீயும் சிரிச்சியாமே?"

"சும்மா... எல்லாரும் சிரிச்சாங்க" என்றார் அவர்.

அவள் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சான் அதை எடுத்து ஊதி ஊதிக் குடித்தார். அந்த உறிஞ்சும் சத்தம் ஒட்டகத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து குளிக்கப் போனான். காலையிலிருந்து அது மூன்றாவது குளியல்.

அந்த வாரமே அணியை விட்டான். பெயர் தெரியாத ஒரு சின்ன அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. கோடைக்குப் பிறகு ஒரு நீண்ட பந்தயத்தில், கூட்டமே களைத்துக் கிடந்த கடைசி மேட்டில், அவன் மட்டும் குறையாமல் மிதித்து முதலாவதாக வந்தான்.

எல்லைக்கோட்டுக்கு அப்பால் பழைய முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என் வளர்ப்பு! நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று கையை நீட்டினார். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் மனதில் ஓட்டிப் பார்த்திருந்தான். ஆனால் கை தானாகப் போய் அந்தக் கையைப் பிடித்தது. பல் தெரியாமல் சிரிக்கவும் செய்தான். அவர் போன பிறகு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். அத்தர் வாடை போகவே இல்லை.